முதல் போன் யாருக்கு

பரத், இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்த வாரத்தில் பல முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாயா, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலில் களைப்பு தெரிகிறதா என்று உற்றுக் கேட்பதிலேயே நான் சொல்ல வந்தது போய்விடுகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. ஆடி முடிந்துவிட்டது. நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது.

நாம் போகிற சங்கத்தின் இதழுக்குப் பெற்றோர் யாராவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். நீ படித்துச் சரி என்று சொன்னால் இதையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இல்லையென்றால் உன்னோடு இருக்கட்டும். மற்றவர்களும் படிக்க நேரலாம் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., இருக்கிறது. மாசி மாதம் மயிலாப்பூரில் நம் வீட்டை விட்டு அடையாறில் ஒரு சின்ன வீட்டுக்குத் தனியாகக் குடிபோனாய். சித்திரை வெயிலில் அங்கே விழுந்து முகவாயில் தையல் போட்டுக்கொண்டாய். திரும்பி வந்துவிடு என்று நான் அழுதபோது, "ஆடி முடியட்டும்மா. அதுக்கப்புறம் நீ வான்னு சொன்னா வந்துடறேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாய். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம். ஆனால் உன் அப்பாவுக்கு உண்டு, அதனால் அந்தக் கெடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இப்போது ஆவணி பிறந்துவிட்டது. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். நான் வா என்றால் வந்துவிடுவாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு இருபத்தொரு வயதில் ஒரு காலை, இடது கண் மங்கலாக இருக்கிறது என்றாய். செல்போனைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்துக்கொண்டாய் என்று திட்டிக்கொண்டே பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் இப்போது தெரிகிறதா என்று கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு தெரிகிறது என்றாய். உனக்குத் தெரியவில்லை. வலது கண்ணை வைத்துக்கொண்டே அந்தப் பருவத் தேர்வை எழுதி முடித்தாய். பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நீ நடந்து வந்த அன்றைக்குத்தான் நரம்பு மருத்துவரிடம் போனோம், ஸ்கேன் எடுத்தோம், பெயர் தெரிந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது என்றார் மருத்துவர். எங்கே அரிக்கும், எப்போது அரிக்கும், எவ்வளவு மீளும் என்று கேட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்றார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். பலரை ஒன்றாக வைத்துப் பேசத்தான் எனக்குத் தெரியும். ஒரே ஒருவனைப் பற்றிக் கேட்டால் என் படிப்பில் அதற்கு விடை கிடையாது. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

நம் வீட்டில் யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பதுதான் பதில். உன் அப்பா பித்தப்பை அறுவைக்குப் போகும் வழியில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படித்தான் சொன்னார். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தது நான்தான். ஒரு வேண்டுகோள்: மருத்துவரிடம் மட்டும் அந்தப் பதிலைச் சொல்லாதே. அவருக்கு உன் மரியாதை தேவையில்லை. கண் ஒரு நாளைத் தாண்டியும் மங்கலாகவே இருந்தால், கால் மறுநாளும் எழும்பவில்லை என்றால், அன்றே போ. வெயிலில் வருவது நிழலில் போய்விடும், போகாமல் நிற்பதுதான் வேறு என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். உனக்கே அதைத் திருப்பிச் சொல்கிறேன்.

தை மாதம் வடபழனியில் உன் மாமா மகள் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கும்போது நான் உன்னிடம், "கைத்தடி கார்லயே இருக்கட்டும்டா. எல்லாரும் கேப்பாங்க" என்றேன்.

"கேட்டா சொல்லிட்டுப் போவோம்மா."

"கல்யாண வீட்ல எதுக்குடா அதெல்லாம்?"

நீ தடியைப் பின் சீட்டில் வைத்தாய். ரிசப்ஷனில் போட்டோ எடுக்கிற வரிசையில் நாற்காலி முதுகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாய். உன் பெரிய அத்தை, "புள்ள நல்லா உயரமா வளந்துட்டான், எப்போ சாப்பாடு போடப்போறே?" என்று உன் முதுகில் தட்டியபோது நீ சிரித்தாய், ஆனால் நாற்காலியை விட்டுக் கையை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் அது தெரிந்தது. எனக்குத் தெரிந்தும் நான் காருக்குப் போய்த் தடியை எடுத்து வரவில்லை. மறுநாள் முழுக்க உன்னால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. நீ என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் வீடு பார்க்க ஆரம்பித்தாய்.

நீ வீடு பார்த்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே பயமும் வருகிறது. உடம்பு சூடேறினால் உனக்குக் கால் தளர்ந்துவிடும், அதனால் எந்த வீடானாலும் சுவர் காய்ந்திருக்கும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருவேன் என்பாய். உள்ளே போனதும் ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாய். சாஸ்திரி நகரில் அந்த புரோக்கர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இது எந்த ஊரு வாஸ்து சார்? நம்ம பார்ட்டிங்க கிழக்கு மேற்குதான் பாப்பாங்க" என்றார். "இது மூணு மணி வாஸ்து" என்றாய் நீ. அவர் நிஜமாகவே தலையாட்டி மனதில் குறித்துக்கொண்டார். நானோ எல்லா வீட்டிலிருந்தும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முதல் மாடியில், மேற்குச் சுவருக்கு அடுத்த கட்டிடத்தின் நிழல் விழுகிற ஒரு வீட்டைப் பிடித்தாய். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருந்தது. நான் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாததே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

இனி சங்கத்தைப் பற்றி. எம்.எஸ். உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து நடத்துகிற அந்த இடத்துக்கு முதல் முறை நீ என்னைக் கூட்டிப்போனபோது, நான் தப்புக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன். யாராவது எண்ணெய், பத்தியம், மூச்சுப்பயிற்சி என்று அற்புதம் பேசுவார்கள், பிடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பேசவும் செய்தார். ஒருங்கிணைப்பாளராக இருக்கிற அம்மாள், "உங்களுக்கு ஒத்துவந்தா சந்தோஷம் சார், மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ணாதீங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். சனிக்கிழமைகளில் பிசியோதெரபி, ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுத்தரும் நர்ஸ், வேலை செய்யும் இடத்தில் நேரத்தை மாற்றிக் கேட்பது எப்படி என்று சொல்ல ஒரு வக்கீல், மனம் சரிந்தால் பேச ஓர் ஆலோசகர். எல்லாமே அளவாக, பந்தா இல்லாமல் நடந்தன. எனக்குப் பிடித்துப்போனது. முதல் போன் ஏற்பாட்டைக் கேட்கும் வரைக்கும் பிடித்திருந்தது.

படிக்கிறவர்களில் சிலருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தனியாகவோ, பகலில் மட்டும் தனியாகவோ இருக்கிற ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போனால், முதலில் போன் செய்ய ஒரு ஆளைச் சங்கம் ஏற்பாடு செய்கிறது. அந்த ஆள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. வேறொரு உறுப்பினரின் வீட்டு மனிதராக இருக்க வேண்டும். அவருடைய எண் வீட்டாருக்கும் தெரியும். ஆனால் உயிருக்கு ஆபத்து, மருத்துவமனை என்று வந்தாலொழிய, விழுந்தவர் கேட்காமல் அவர் வீட்டாருக்கு ஒரு தகவலும் சொல்லக் கூடாது. இப்படி என் மகனை நீ பார், உன் மனைவியை இன்னொருவர் பார்ப்பார், அவர் தம்பியை நான் பார்க்கிறேன் என்று ஒரு சுற்று.

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்று நான் கூட்டத்திலேயே கேட்டேன்.

"ஆதாரம் ஒண்ணும் இல்லீங்க மேடம். வீட்டு ஆளுங்க வர்ற வேகத்தைப் பார்த்தா விழுந்தவங்களுக்குப் பயம் ஜாஸ்தி ஆகுது. அனுபவத்துல பார்த்தது" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

உனக்குக் கிடைத்தவர் தேவராஜ். கோடம்பாக்கத்தில் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். அவர் மனைவி கலாவுக்கு இதே நோய். சத்தமாகப் பேசுவார், யாரையும் தோளில் தட்டுவார், என்னை டீச்சரம்மா என்பார். கல்லூரி ஆசிரியை என்று ஒரு முறை திருத்தினேன். "காலேஜ் டீச்சரம்மா" என்றார். என் மகன் கீழே கிடந்தால் முதலில் தெரியப்போவது இவருக்கு, எனக்கு இல்லை என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

சித்திரை மாதம் உங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்த அன்று மத்தியானம், நான் உனக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை. தேவராஜுக்கு அடித்தேன்.

"பையன் நல்லாத்தான் கீறான்மா. நான் கூடத்தான் கீறேன்."

"என்ன ஆச்சு அவனுக்கு? விழுந்துட்டானா? கொடுங்க அவன்கிட்ட."

"மீதிய அவனே சொல்வான். இப்போ பேச வாணாம்னு கீறான்."

"என் பையனைப் பத்தி என்கிட்ட மறைக்க நீங்க யாரு?"

"நான் யாரும் இல்லம்மா. அதுக்குத்தான் என்ன வெச்சிக்கிறாங்க" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். நீ உள்ளே என்ன நிலையில் கிடக்கிறாயோ என்று நினைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிய அந்த வழியை நான் மறக்க மாட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. குளியலறைத் தரையில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாய். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தேவராஜ் உட்கார்ந்து, ஏதோ படப்பிடிப்பில் கல்யாணச் சாப்பாட்டுக் காட்சிக்கு வந்த நிஜச் சாப்பாட்டை யூனிட்டே தின்று தீர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அப்போது என்னைப் பார்த்தாய்.

உன் சிரிப்பு நின்றது. ஒன்றும் இல்லை என்று காட்ட எழுந்தாய். கால் உன் பேச்சைக் கேட்கவில்லை. வாஷ்பேசின் விளிம்பில் முகவாய் பட்டது.

அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு நான் எல்லோரிடமும் வழக்காடினேன். உன் அப்பாவிடம், ஒருங்கிணைப்பாளரிடம், என் அண்ணனிடம். பார்த்தீர்களா, தனியாக விட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன். நீ தனியாக இருந்தபோது விழவில்லை, தேவராஜ் இருந்தபோது விழவில்லை, என்னைக் கண்டு எழுந்தபோதுதான் விழுந்தாய் என்பது அப்போதே எனக்குத் தெரியும். தேவராஜுக்கும் தெரியும். அவர் எங்கும் அதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் தையலோடு நீ ஆடி வரைக்கும் அவகாசம் கேட்டாய்.

அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போய் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட வேண்டும் என்று சண்டை போட்டேன். ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், உங்க பையனுக்கு ஒருத்தர் வர்றார். நீங்க இன்னும் யாருக்கும் போகலையே" என்றார். தி. நகரில் ஒருத்திக்கு முதல் போன் ஆளாக இருந்தவர் பெங்களூருக்கு மாறிப் போய்விட்டாராம். சரி என்று ஒப்புக்கொண்டேன். நல்லெண்ணத்தால் இல்லை. உள்ளே இருந்து பார்த்தால் ஓட்டை தெரியும், ஆதாரத்தோடு பேசலாம் என்றுதான்.

அப்படித்தான் ஷமீமா எனக்குக் கிடைத்தாள். உன்னைவிடச் சில வயது மூத்தவள். உஸ்மான் ரோட்டுப் பக்கம் திருநெல்வேலிக்காரர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அம்மாவை அம்மி என்பாள், அவர் திருவல்லிக்கேணியில். முதல் சந்திப்பிலேயே என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆன்ட்டி, நீங்கதான் அந்த ஆதாரம் கேட்ட ஆன்ட்டியா?" என்றாள். வெகு நாள் அவளிடமிருந்து போன் எதுவும் வரவில்லை. வராத வரைக்கும் நான் அதை மறந்தே இருந்தேன்.

ஆடித் தள்ளுபடி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன், போன் அடித்தது. "ஆன்ட்டி, கடையில குடோன்ல இருக்கேன். காலு ரெண்டும் லீவு போட்டுடுச்சு. அவசரம் இல்ல, ஆனா வாங்க" என்றாள். அவசரம் இல்லை என்ற சொல்லைக் கேட்டதுமே ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினேன். தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்ற நேரத்தில் அவளுடைய நரம்பு மருத்துவர், ஆம்புலன்ஸ், கடை முதலாளி என்று யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுவிட்டேன். உஸ்மான் ரோட்டில் ஆட்டோ நகரவில்லை. இறங்கிக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தேன். எங்கே நடந்தேன், தள்ளப்பட்டேன்.

குடோனில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கடைப்பெண் ஒருத்தி ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து துண்டில் சுற்றி அவள் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஷமீமா கையை உயர்த்தினாள்.

"ஆன்ட்டி, டாக்டர் வேணாம். அண்ணாச்சிகிட்ட சண்டை வேணாம். ஏசி ரிப்பேரு, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே பில்லு பார்த்தேன், அவ்ளோதான். கதவைச் சாத்திட்டு பக்கத்துல உக்காருங்க."

"தண்ணி கொண்டு வரட்டுமா?"

"ஐயோ, வேணாம். பாத்ரூம் மூணாவது மாடில இருக்கு."

உட்கார்ந்தேன். செய்வதற்கு எனக்கு வேலை எதுவும் தரப்படவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. எழுந்துவிடக் கூடாது என்று புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது என் போன் அடித்தது. தெரியாத எண்.

"நான் ஷமீமாவோட அம்மி பேசறேன். புள்ள போனே எடுக்க மாட்டேங்குது. உங்ககூட இருக்குதா?"

ஷமீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றுகூடத் தலையாட்டவில்லை. வெறுமனே பார்த்தாள்.

"இருக்காம்மா. என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

"விழுந்துடுச்சா?"

பரத், அவள் விழவில்லை. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சறுக்கி உட்கார்ந்தாள் என்று கடைப்பெண் எனக்குச் சொல்லியிருந்தாள். அது நல்ல செய்திதான். சொன்னால் அந்தத் தாய்க்கு மூச்சு வரும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும், கடைசியில் இந்த மத்தியானம் ஷமீமாவுடையதாக இருக்காது, இரண்டு அம்மாக்களுடையதாக ஆகிவிடும்.

"அவளே உங்ககிட்ட பேசுவாம்மா. கொஞ்ச நேரம் குடுங்க."

"நீங்களும் ஒரு தாய்தானே?"

"ஆமாம்மா. அதனாலதான் கேக்கறேன், கொஞ்சம் பொறுங்க."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு போன் வைக்கப்பட்ட சத்தம். அந்தப் பெண்மணி என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் தேவராஜைத் திட்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறதே. அவர் இப்போது திருவல்லிக்கேணியில் ஆட்டோ தேடிக்கொண்டிருப்பாரா? கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நான் அங்கேதான் பார்த்தேன். அவர் வரவில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைவிட நல்ல அம்மா.

கடைக்குக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. உடம்பு குளிர்ந்ததும் ஷமீமாவின் கால் விரல்கள் முதலில் அசைந்தன. பிறகு அவள் என் தோளைப் பிடித்து எழுந்து நின்று பார்த்து, மறுபடி உட்கார்ந்து, தன் போனை எடுத்தாள். நான் வெளியே போகிறேன் என்றேன். "இருங்க, நீங்களும் கேளுங்க" என்றாள். அம்மியிடம் அவள் பேசியது இதுதான்: முதலில் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டதைச் சொன்னாள். பிறகு கடையில் ஏசி கெட்டுப்போனதையும் அண்ணாச்சி ஏசிக்காரனைத் திட்டிய திட்டையும் அப்படியே நடித்துக் காட்டினாள். அம்மி சிரித்திருக்க வேண்டும், இவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் காலைப் பற்றிச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எவ்வளவு நேரம் எழ முடியவில்லை என்பதைக்கூடச் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது பொய் இல்லை. எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பது அவள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உனக்கு நான் ஒரு நாளாவது அதை விட்டு வைத்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நீ வாயைத் திறக்குமுன் கால் எப்படி என்று கேட்டிருக்கிறேன். கண் எப்படி என்று கேட்டிருக்கிறேன். உன் புது வேலையைப் பற்றிச் சொல்ல வந்த அன்றும் மாடிப்படி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். நல்லா இருக்கேன் என்று சொல்வதைத் தவிர வேறு என்ன வழி வைத்தேன் உனக்கு?

மறுநாள் தேவராஜுக்குப் போன் செய்து அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "அத்த வுடு டீச்சரம்மா. நான் இன்னா ரொம்ப ஒழுங்கா? எங்க கலாவுக்கு முதல் போனு ஆளா ஒரு சாரு கீறாரு, பேங்க்ல. அவருக்கு நான் மிஸ்டு காலா குடுத்துக்கினே கீறேன்னு என்ன பிளாக் பண்ணி வெச்சிட்டாரு. சங்கத்துல வந்து பஞ்சாயத்து பண்ணி எடுத்து வுட்டாங்க." பிறகு, "ஊரான் ஊட்டுக்குப் போனா தெகிரியமா கீது. நம்ம ஊட்ல வந்தா போயிடுது" என்றார். அவர் பயப்படாத மனிதர் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் நான் அவரை நம்பவில்லை. பயப்படுகிறவர் என்று தெரிந்ததும் நம்பிக்கை வந்தது. இது எந்தத் தர்க்கத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வெள்ளிக்கிழமையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அடுத்த முறை வருவது வெயிலால் வருவதாக இல்லாமலும் போகலாம். ஸ்டீராய்டு ஏற்றுவதற்காக நீ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டிருக்கும்போது, இப்போது எழுதுவதையெல்லாம் நான் மறந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. மாடி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. எனக்கும் உன் அப்பாவுக்கும் பிறகு உனக்கு யார் என்ற கேள்வியைச் சங்கத்தில் எல்லாப் பெற்றோரும் ஏதோ ஒரு விதத்தில் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். குடோனில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: திருவல்லிக்கேணியில் ஒரு தாய் கேட்கும் அதே கேள்விக்கு, அரைகுறையாகவாவது, அன்றைய பதில் நானாக இருந்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கேள்வி கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நேற்று உன் அப்பா உன் அறையைத் துடைத்து வைத்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். பல மாதங்களாக இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். வேண்டாம் என்றேன். "நிச்சயமாவா?" என்றார். நிச்சயம் இல்லை, ஆனால் வேண்டாம் என்றேன். அவர் நிம்மதிப்பட்டாரா வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார்.

ஆகவே பரத், என் பதில் இதுதான். நீ அங்கேயே இரு. வீட்டுக்காரரிடம் அடுத்த வருடத்துக்கும் சொல்லிவிடு. ஊசி நாளைத் தள்ளிப்போடாதே. ஆபீஸில் உன் நேரத்தை மாற்றிக் கேட்க வக்கீல் அம்மாள் சொன்னதை இந்த மாதமாவது செய். உன் வாழ்க்கைக்கு ஒருத்தி வந்தால், நோயைப் பற்றி அவளுக்கு நீயே சொல், எப்போது என்பதையும் நீயே முடிவு செய். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் முயல மாட்டேன் என்று உறுதி சொல்ல ஆசைதான், முடிந்தவரை முயல்கிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. வரும் வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் செய்யாதே. ஷமீமாவுக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள், அன்றைக்குத்தான் புது ஊசியை முதல் முறையாகத் தனியாகப் போட்டுக்கொள்கிறாள். கை நடுங்கினால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் உன் பெயர் திரையில் வந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் தயவுசெய்து அன்று மட்டும் என்னைக் கூப்பிடாதே. ஏதாவது என்றால் தேவராஜ் இருக்கிறார்.

அம்மா